மான் தின்ற பால் கணக்கு

திருகோணமலையில் போனில் படம் எடுத்துப் பழகுகிற யாருக்கும் முதல் மொடல் மான்தான். காசு கேட்காது, "இந்தப் பக்கம் என்ர முகம் நல்லா விழாது" என்று திரும்பாது. கோட்டைக்குள் நிற்கும், கடற்கரையில் நிற்கும், பஸ் நிலையத்திலும் வந்து நிற்கும். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் கிழமை முழுக்க வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மான் படம்தான் போடுவார்கள். பிறகு ஒருநாள் அதே மான் அவர்களின் மதியச் சாப்பாட்டுப் பார்சலை இழுத்துக்கொண்டு போகும். அதோடு ஸ்டேட்டஸ் நின்றுவிடும். ஆள் உள்ளூர்வாசி ஆகிவிட்டார் என்று அர்த்தம்.

நான் வவுனியாவில் இருந்து மாற்றலாகி வந்தவள். ஞாயிறு காலையில் டச்சு பே கடற்கரைக்கு நடக்கப் போவேன். அங்கே நாலைந்து பேர் ஆளுக்கொரு போனை உயர்த்திப் பிடித்தபடி, மற்றவர் நிற்பதைக் காணாதவர்கள் மாதிரி நிற்பார்கள். எல்லாருக்கும் வேண்டியது ஒரே சூரியன்தான். ஆனால் ஒருவருடைய படத்தில் இன்னொருவர் வந்து விழுவார். "தங்கச்சி, ஒருக்கா விலகும், உம்மட தலை கடலுக்கு மேல நிக்குது" என்று ஓர் அன்ரி என்னிடம் சொன்னார். சிநேகம் அப்படித்தான் தொடங்கியது.

அன்ரிக்குக் கோலம் என்றால் உயிர். வாசலில் தான் போட்ட கோலங்களைப் படம் எடுத்துச் சேர்ப்பதற்காகவே மகனிடம் போன் வாங்கியவர். ஆனால் சதுரமாகப் போட்ட கோலம் படத்தில் மேல் பக்கம் ஒடுங்கி முறம் மாதிரி விழுகிறது, இல்லாவிட்டால் அவருடைய நிழலே கோலத்தின் மேல் படுத்துக் கிடக்கிறது. இதைத் தீர்த்துவைத்தது கிண்ணியாத் தம்பி. போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறவன். கிண்ணியாப் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வருவான். "அன்ரி, கதிரையில ஏறி நிண்டு, போனைத் தரைக்கு நேரா, தட்டையாப் புடிங்க. செற்றிங்கில லெவல் எண்டதைப் போட்டீங்கண்டா, சில போன்ல நடுவில ரெண்டு சிலுவை தெரியும். ரெண்டும் ஒண்டா வாற நேரம் அமத்துங்க." அன்ரி கதிரையோடு நிற்கவில்லை, மதிலில் ஏறிவிட்டார். கோலம் சதுரமாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான், மதிலில் திருடன் ஏறிவிட்டான் என்று சத்தம் போட்டார்.

தம்பியிடம் கண்ணாடி துடைக்கிற துணி ஒன்று எப்போதும் இருக்கும். வந்ததும் முதல் வேலை, எல்லாருடைய லென்ஸையும் வாங்கித் துடைப்பது. கடற்காற்றின் உப்பு லென்ஸில் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். வெளிச்சத்தைச் சுற்றிப் புகை போட்டதுபோல ஒரு மங்கல் வரும். போனே பழுது என்று அவனுடைய கடைக்குக் கொண்டு வருகிறவர்களும் உண்டாம். அவன் துடைத்துக் கொடுத்து அனுப்புவான். "காசு வாங்குவியா?" என்று கேட்டோம். சிரித்தான்.

பிறகு மட்டக்களப்பில் இருந்து வந்த ஒரு புதுச் சோடி. கணவர் படம் எடுப்பார், மனைவி சின்னக் கொப்பியில் நீர்வர்ணம் தீட்டுவார். கணவருக்குத் தம்பி ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தான்: திரையில் சூரியனைத் தொட்டு, பக்கத்தில் வருகிற சின்னச் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் வானத்தின் நிறம் அள்ளிக்கொண்டு வரும். வந்ததுதான். முன்னால் நின்ற மனைவி கரிக்கட்டையாகப் போனார். "இதுக்குப் பேர் சிலுவெட்" என்றார் கணவர், பெருமையாக. "சிலுவெட்டோ என்ன வெட்டோ, என்ட முகம் எங்க?" அன்று அவர்கள் வீட்டில் காலைச் சாப்பாடு பிந்தியிருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்களுக்குள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் ஐயா மட்டும்தான். வரைபடம் கீறும் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். போன் வைத்திருக்கிறார், வீட்டில் இருந்து அழைப்பு வந்தால் எடுப்பதற்கு. மற்றபடி பென்சிலும் பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கமும்தான் அவருக்கு. காலைச் சூரியனை டச்சு பேயில் பார்த்துவிட்டு, அதே சூரியன் துறைமுகத்துக்கு அப்பால் இறங்குவதை மாலையில் உட்துறைமுக வீதிக்கு நடந்துபோய்ப் பார்க்கலாம் என்று எங்களுக்குக் காட்டித் தந்தவர் அவர்தான். ஊரே இரண்டு தண்ணீருக்கு நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது. மார்கழி மழைக்காலத்தில் ஒருநாள், மேகம் மறைத்துவிட்டது என்று நாங்கள் புலம்பிக்கொண்டு நின்றோம். ஐயா கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலைப் பக்கம் கையைக் காட்டினார். "1956இல எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அந்த மலையடியில சுழியோடி, பறங்கியர் இடிச்ச கோயில்ர கல்லுகளைக் கடலுக்கடியில கண்டவங்கள். தண்ணிக்குள்ள கமராவோட போன ஆக்கள் இருந்த ஊர் இது. நீங்கள் மேகத்துக்கு அழுறியள்."

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பிரட்ரிக் கோட்டைக்குள் போய் எல்லாரும் ஒரே மானை எடுப்பது என்று முடிவு. யார் போனில், யார் கையில் நன்றாக வருகிறது என்று பார்க்கத்தான். மரத்தடியில் பெரிய கொம்போடு ஒரு கலைமான் நின்றது. எல்லாரும் வளைத்துக்கொண்டோம். ஐயா குந்தில் இருந்து கீறத் தொடங்கினார்.

தம்பி போர்ட்ரெயிட் மோட்டில் எடுத்தான். பின்னால் இருந்த மரமெல்லாம் கரைந்து, மான் மட்டும் துல்லியமாக வந்தது, ஸ்டூடியோப் படம் தோற்றுப்போகும். ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"மற்றக் கொம்பு எங்க?"

கொம்பு ஒன்றுதான் இருந்தது. மற்றது பின்னாலிருந்த கிளைகளோடு கிளையாகக் கரைந்துபோய்விட்டது. எது மான், எது பின்னணி என்று போன் விளிம்பை வைத்து ஊகிக்கிறது. மெல்லிய கொம்பும் கிளையும் ஒன்றாகத் தெரிந்தால் அது கிளையின் பக்கம் சாய்ந்துவிடுகிறது என்று தம்பி விளக்கினான். "ஐயா, நாம என்ன செய்யிற? போன்தான் முடிவெடுக்குது." ஐயா தன் தாளைத் திருப்பிக் காட்டினார். இரண்டு கொம்பும் அதனதன் கவர்களோடு இருந்தன, எண்ணிப் பார்க்கலாம். வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலைக் காதில் சொருகினார், அவ்வளவுதான். தம்பிக்கு அதுவே போதுமாக இருந்தது.

அப்புறம் ஐயா தாளைக் குந்தில் வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு, "வாங்கோ, ஒரு விசயம் காட்டுறன்" என்று எங்களைக் கோட்டை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசல் கல்லில் இரட்டை மீன் சின்னமும், குளக்கோட்டன் என்ற மன்னனின் பெயர் சொல்லும் சிதைந்த எழுத்துகளும் இருக்கின்றன. கோயிலை இடித்து 1624இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியபோது அந்தக் கல்லும் சுவரோடு சேர்ந்துவிட்டது. தினமும் எத்தனையோ பேர் அதைக் கடந்து கோணேசரைக் கும்பிடப் போகிறார்கள், நானும்தான். மீன் இருந்தது எனக்குத் தெரியாது.

புதுக் கணவர் பிளாஷ் போட்டு எடுத்தார். மீனும் இல்லை, எழுத்தும் இல்லை, வெள்ளைக் கல்தான். நேரே அடிக்கிற வெளிச்சம் பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றாக்கிவிடும். தம்பி என் போனை வாங்கி, டோர்ச்சைப் போட்டு, கல்லின் ஓரத்தோடு ஓரமாகச் சாய்த்துப் பிடித்தான். கோடுகளில் நிழல் விழுந்தது. மீன்கள் இரண்டும் மெல்ல எழும்பி வந்தன. அன்ரி "ஐயோ!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

காலை வேளையில், வாசல் கல்லில் டோர்ச் அடித்துக் குனிந்து நிற்கும் ஆறு பேர். காவலுக்கு நின்ற சிப்பாய் வராமல் என்ன செய்வார்? "போட்டோ எப்பா, போட்டோ எப்பா" என்று, படம் வேண்டாம் என்பதைச் சிங்களத்தில் சொன்னபடி வந்தார். கோட்டைக்குள் இருக்கும் இராணுவ முகாம் பக்கம் போனைத் திருப்பவில்லை, மீனைத்தான் எடுத்தோம் என்று காட்டினோம். அவருக்கு நாங்கள் சொன்னதில் பாதிதான் விளங்கியிருக்கும். அப்போது ஐயா முன்னுக்கு வந்து மிக மரியாதையாகக் கேட்டார்:

"கீறலாமா?"

சிப்பாய்க்கு விளங்கவில்லை. ஐயா காற்றில் பென்சிலால் ஒரு மீன் கீறிக் காட்டினார். சிப்பாய் யோசித்தார். போட்டோவுக்குப் பதில் தெரியும். இந்தக் கேள்வியை இதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. மேலே யாருக்கோ அழைப்பு எடுத்தார். அங்கிருந்தவர் இன்னொருவரைக் கேட்டார் போல. நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிப்பாயின் முகத்தையே பார்த்து நின்றோம். கடைசியில் அவர் போனை வைத்துவிட்டு, சிரித்தபடி, கீறலாம் என்று தலையாட்டினார்.

ஐயா தாளை எடுக்கத் திரும்பினார். மான் அதைத் தின்றுகொண்டிருந்தது.

கல் கீழே கிடந்தது. ஐயா கீறிய தலை உள்ளே போய்விட்டது. கொம்பு இரண்டும் வாய்க்கு வெளியே. "ஹேய்!" என்று நான் ஓடினேன். அது நின்ற இடத்திலேயே நின்று, என்னைப் பார்த்துக்கொண்டே, மிச்சத்தையும் இழுத்துக்கொண்டது. தம்பி ஓடவில்லை. பொத்தானை அமத்திப் பிடித்தபடி, கடகடவென்று தொடர் படங்களாகத் தட்டிக்கொண்டு நின்றான்.

"துரத்தாம படமா எடுத்தனீ?" என்றார் அன்ரி.

"போன தாளு திரும்பி வருமா அன்ரி? படமாச்சும் மிஞ்சட்டும்."

ஐயா கோபிக்கவில்லை. தன்னைவிட மானுக்கு ரசனை கூட என்று பகிடி விட்டார். எதிரில் போய்ப் பிளேன்ரீயும் வடையும் வாங்கி, அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்தோம். ஒன்றில் மானின் உதட்டோரம் ஐயா கீறிய கொம்பு, அதற்கு மேலே அதன் சொந்தக் கொம்பு, நாலும் தெளிவு. அப்போதுதான் ஐயாவின் போன் அடித்தது. வீட்டில் இருந்து.

"ஓம்... ஓம், நான்தான் எடுத்தனான்... போன மாசத் தாள்தானே, முடிஞ்சுதெண்டு கிழிச்சனான்..." பிறகு நீண்ட நேரம் அவர் பேசவில்லை. அந்தப் பக்கம் பேசுவது எங்களுக்கே கேட்டது. பால் வாங்காத நாளெல்லாம் அந்தத் தாளில்தான் புள்ளடி போட்டிருக்கிறதாம். பால்காரர் கணக்கு முடிக்க வந்து வாசலில் நிற்கிறாராம்.

தம்பி விறுவிறுவென்று படங்களைத் தள்ளினான். ஒன்றில் தாள் புரண்டு, திகதிப் பக்கம் எங்களை நோக்கி இருந்தது. பெருப்பித்தோம். 17ஆம் திகதி வரைக்கும் புள்ளடிகள் ஓரளவு தெரிந்தன. அதற்குக் கீழே எச்சில். இன்னும் பெருப்பிக்கச் சொன்னார் அன்ரி. படம் எடுத்த பிறகு பெருப்பித்தால் இருக்கிற புள்ளிதான் பெருக்கும், இல்லாத புள்ளி வராது என்றான் தம்பி. புதுக் கணவர் விடவில்லை. தன் போனில் மங்கல் படத்தைத் தெளிவாக்குகிற செயலி இருக்கிறது என்று வாங்கிப் போட்டார். அது தெளிவாக்கியது. 18, 18, 18 என்று ஒரு வரிசை முழுக்க அச்சடித்ததுபோலத் தந்தது. அந்த மாதத்தில் ஞாயிறும் இல்லை.

எல்லாருமாக ஐயா வீட்டுக்குப் போனோம், சாட்சிக்கு. ஐயாவின் மனைவி கதவடியில் நின்றார். தம்பி போனை நீட்டினான். அவர் படத்தைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "மிச்ச நாள்க் காசை உங்கட மானிட்ட வாங்கிக் குடுங்கோ" என்றுவிட்டு உள்ளே போனார். சிரிப்பை அடக்கத்தான் போனார் என்று நினைக்கிறேன், குசினியில் இருந்து சத்தம் வந்தது.

பால்காரர் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். 17 வரைக்கும் உள்ளதை ஒத்துக்கொண்டார். மிச்சத்தை ஐயா சொன்னபடியே விட்டுவிட்டார். போகும்போது தம்பியைக் கூப்பிட்டு, தன்னுடைய பசுவையும் கன்றையும் இப்படி ஒரு படம் எடுத்துத் தர ஏலுமா என்று கேட்டார். ஐயாவும் கீறவேண்டுமாம்.

வருகிற ஞாயிறு அங்கேதான் போகிறோம். கலண்டர்த் தாள் எதையும் யாரும் கொண்டுவரக் கூடாது என்று அன்ரி இப்போதே சொல்லிவிட்டார்.