நிறைந்த பேட்டரியோடு மலை இறங்கிய கதை

கலிபோர்னியாவில் எக்கோ சம்மிட் என்ற மலைக்கணவாயைத் தாண்டி இரண்டு மைல்கூட இறங்கியிருக்க மாட்டோம், இன்ஜின் ஊளையிட ஆரம்பித்தது. என் கால் ஆக்ஸிலரேட்டரில் இல்லை. சாலையோ கீழ்நோக்கிச் சரிகிறது. சத்தம் மட்டும் டவுன் பஸ் செகண்ட் கியரில் மேடு ஏறுவது போல.

"ஏங்க, எதைத் தொட்டீங்க?" என்றாள் மனைவி. எதையும் தொடவில்லை. பின்சீட்டில் மகள் அதற்குள் ஒருமுறை வாந்தி எடுத்து முடித்திருந்தாள்.

இது ஜூலையில் நடந்தது. ஃப்ரீமாண்டிலிருந்து லேக் டாஹோ போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். போக மட்டும் ஏறக்குறைய 200 மைல். வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2017 டொயோட்டா பிரியஸ் பிரைம், பிளக்-இன் ஹைபிரிட். பேட்டரி 8.8 யூனிட். முழுதாகச் சார்ஜ் போட்டால் மின்சாரத்திலேயே 25 மைல் போகும் என்பது அரசாங்கக் கணக்கு. அதற்கப்புறம் சாதாரண ஹைபிரிட் போல 1.8 லிட்டர் இன்ஜினும் மோட்டாரும் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும். நான்கு பேர்தான் உட்காரலாம். பின்சீட்டின் நடுவில் மேசை மாதிரி ஒன்றை வைத்து அடைத்துவிட்டார்கள். நாங்கள் மூன்று பேர் என்பதால் அதன் மேல் முறுக்கு டப்பா பயணம் செய்தது.

போகும்போதே நான் முதல் தவறைச் செய்தாயிற்று. வீட்டில் நிரப்பிய மின்சாரத்தை முழுதும் ஃப்ரீவேயில், 75 மைல் வேகத்தில் ஊதித் தள்ளினேன். 65-லிருந்து 75-க்குப் போனால் காற்றின் தடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், ஏனென்றால் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. சொன்ன 25 மைல்கூடத் தேறவில்லை. சாக்ரமெண்டோவின் நெரிசலில் ஊர்ந்தபோது, மோட்டார் எங்கே மிக நன்றாக வேலை செய்யுமோ அங்கே, என்னிடம் செலவழிக்க ஒன்றும் மிச்சமில்லை.

அப்புறம் 50-ஆம் நெடுஞ்சாலையில் ஏற்றம். பிளேசர்வில் ஊர் சுமார் 1,870 அடி உயரத்தில் இருக்கிறது, எக்கோ சம்மிட் 7,382 அடி. நான் வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் க்ரூஸ் கண்ட்ரோலை 60-இல் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதற்கு மலை தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். வேகம் ஒரு மைல் குறைந்தாலும் இன்ஜினை அலறவிட்டு மீட்கும், சரிவு சமமானதும் அடங்கும், மறுபடி அலறும். மகளின் வயிறு கலங்க ஆரம்பித்தது அங்கேதான்.

அன்றிரவு தூக்கம் வராமல் கைப்பேசியில் ஒரு கணக்குப் போட்டேன். ஆட்களும் சாமான்களும் சேர்த்து வண்டி 1,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிளேசர்வில்லிலிருந்து சம்மிட் வரை சுமார் 1,680 மீட்டர் உயரம். அவ்வளவு எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 8.2 யூனிட் வேண்டும். அதாவது பேட்டரியில் உள்ளது கிட்டத்தட்ட அத்தனையும். காற்றுக்கும் டயருக்கும் தருவது தனி. மலை ஏறுவது என்றால் என்ன என்று எனக்கு அந்த எண்ணைப் பார்த்துத்தான் உறைத்தது.

உறைத்ததால் செய்ததுதான் இரண்டாவது தவறு. தங்கிய மோட்டலில் கேட்டு, வெளிச்சுவரில் இருந்த பிளக்கில் இரவெல்லாம் சார்ஜ் போட்டேன். காலையில் பேட்டரி ததும்பியது. நேற்று மாதிரி வீணடிக்கக் கூடாது என்று பேட்டரியைச் சேமித்து சாதாரண ஹைபிரிட்டாக ஓட்டும் ஹெச்வி பொத்தானை அழுத்தி, பெட்ரோலிலேயே மேயர்ஸ் என்ற ஊரைத் தாண்டி மலைச்சுவரை ஒட்டிய அந்தக் குறுகலான சாலையில் ஏறினேன். கீழே ஏரி நீலமாக விரிந்து கிடந்தது, நான் பேட்டரிப் படத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கஞ்சனுக்கு மலை வைத்த ஆப்பு இறக்கத்தில் வந்தது. இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேகத்தைப் பிடித்து மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும். நிரம்பிய பேட்டரியில் அதை எங்கே கொட்டுவது? அதனால் வண்டி இன்ஜினைப் பெட்ரோல் ஊற்றாமலே வேகமாகச் சுழற்றி, அந்த இழுவையில் வேகத்தைக் கட்டுப்படுத்தியது. நாங்கள் கேட்ட ஊளை அதுதான். பழுது ஒன்றும் இல்லை, வழக்கமான இன்ஜின் பிரேக்கிங். காசு கொடுக்காமல் கிடைத்திருக்க வேண்டிய மின்சாரம் முழுதும் சூடாகவும் சத்தமாகவும் காற்றில் போனது. என் பங்குக்கு நானும் பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டேன், வளைவுக்கு வளைவு.

அக்டோபரில் மறுபடி கிளம்பினோம், ஆப்பிள் சீசன். இந்த முறை மனைவி ஒரே நிபந்தனை போட்டாள்: மலையில் அவள்தான் ஓட்டுவாள், பாப்பா வாந்தி எடுக்கக் கூடாது.

மலைக்கு முன்னால் ஃப்ரீவே என் பொறுப்பு. வேகம் 65. தெருக்களில் மின்சாரம், ஃப்ரீவேயில் ஹெச்வி, சாக்ரமெண்டோ நெரிசலில் மறுபடி மின்சாரம். சீரான வேகத்தில் ஓடும் இன்ஜின் அப்படி ஒன்றும் தண்டச் செலவு செய்வதில்லை. நின்று நின்று போகும் இடத்தில்தான் அதைத் தூங்க விட வேண்டும்.

ஏற்றத்தில் அவள் க்ரூஸைத் தொடவே இல்லை. சரிவு செங்குத்தாகும் இடத்தில் மிதியை மேலும் அழுத்தாமல் அப்படியே வைத்திருந்தாள். 55 மெல்ல 48 ஆகும், சமதளம் வந்ததும் தானே ஏறும். இன்ஜின் ஒரே சுருதியில் பாடியது. ஒற்றைத் தடம் வரும் இடங்களில் பின்னால் வண்டிகள் சேர்ந்தால் சாலையோரம் ஒதுங்க விட்டிருக்கும் டர்ன்அவுட்டில் ஒதுங்கினாள். கலிபோர்னியாவில் பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கியே ஆக வேண்டும், சட்டம். அந்த நிறுத்தம் ஒன்றில் ஆற்றைப் பார்த்து மகள் ஒரு முறுக்கும் தின்றாள்.

திரும்பும் நாள் காலை செம குளிர். மின்சாரத்திலேயே கிளம்பினோம், உடனே இன்ஜின் ஓட ஆரம்பித்தது. "மெதுவா மிதி" என்று நான் வாயைத் திறந்தேன். அவள் பதில் சொல்லாமல், நான் சற்றுமுன் கண்ணாடிப் பனி போக அழுத்தியிருந்த பொத்தானைச் சுட்டிக்காட்டினாள். இந்த வண்டியில் முன்கண்ணாடி டிஃபராஸ்ட் போட்டால் ஈவியில், அதாவது மின்சார ஓட்டத்தில், இருந்தாலும் இன்ஜின் எழுந்துகொள்ளும். அணைத்தேன், அடங்கியது.

டாஹோவிலிருந்து சம்மிட் வரை ஏற்றத்தை மின்சாரத்தில் ஏறினோம். உச்சியில் திரையில் மிச்சம் 9 மைல். பாதிக்கு மேல் காலி, அதாவது இறக்கத்துக்கு இடம் தயார். அங்கே லீவரை, வழக்கமாக ஓட்டும் டி-யிலிருந்து, பி-க்கு மாற்றினாள். ஊரில் மலைப்பாதை ஓட்டுபவர்கள் ஏறின கியரிலேயே இறங்கு என்பார்கள். இந்த வண்டியில் மாற்றுவதற்குக் கியர் கிடையாது, பி-தான் அதற்கு ஈடு: காலை எடுத்தாலே வண்டி அழுத்தமாக இழுத்துப் பிடிக்கும். அது கூடுதல் மின்சாரம் தரும் மந்திரம் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. பிரேக்கை முன்கூட்டியே, இலேசாக மிதித்தாலும் முதலில் மோட்டார்தான் பிடிக்கும். தாமதமாக, ஓங்கி மிதித்தால்தான் வேலை டிஸ்க் பிரேக்குக்குப் போகும். பி-யின் லாபம் காலுக்கு ஓய்வு.

சரிவு குறைந்ததும் டி-க்கு வந்துவிட்டாள். அப்புறம் அவள் செய்ததைத்தான் நான் கவனித்துப் பார்த்தேன். காலை முழுதாக எடுக்காமல், மிதியில் ஒட்டியும் ஒட்டாமலும் வைத்து வண்டியை உருளவிட்டாள். திரையில் அம்பு சக்கரத்துக்கும் போகவில்லை, பேட்டரிக்கும் வரவில்லை. வேகத்தை மின்சாரமாக்கி, அதைத் திரும்ப வேகமாக்கும்போது இரண்டு தடவையும் கொஞ்சம் சிந்தும்; உருள முடிகிற இடத்தில் உருள்வதே மேல். நான் பல மாதம் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம் இது. "எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். "அவ தலை முன்னாடி சாயக் கூடாது, பின்னாடியும் சாயக் கூடாது. அவ்ளோதான்."

கைபர்ஸ் வந்தபோது திரை 15 மைல் காட்டியது. உச்சியில் 9. ரிவர்டன் பாலத்துக்கு அப்பால் பொல்லாக் பைன்ஸ் வரை மறுபடி மேடு, அங்கே கொஞ்சம் கரைந்தது. அதற்கப்புறம் கமினோவில் ஆப்பிள் வாங்க நிறுத்தினோம், ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம், சூடான ஆப்பிள் டோனட் தீர்ந்து போயிருந்தது.

பிளேசர்வில் சிக்னலில் 11 மைல். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். "இனி ஃப்ரீவேதானே, நான் ஓட்டட்டுமா?" என்றேன். பச்சை விழுந்தது, வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. "அவ எந்திரிக்கட்டும்" என்றாள்.