28.5 என்று பொய் சொன்ன இன்குபேட்டர்

ஜீப்ரா மீன் கருவின் உட்செவியில் நரம்புச் செல்கள் எப்படி உருவாகின்றன என்று பார்ப்பது என் வேலை. செவிப்பையின் அடிப்பக்கத்திலிருந்து முன்னோடிச் செல்கள் கழன்று வெளியே வந்து, கீழே கூடி நரம்பு முடிச்சாகும். முட்டை எடுத்தது, கருவுற்ற 30 மணி நேரத்தில் ஃபிக்ஸ் செய்தது (ரசாயனத்தால் கருவை அந்த நிலையிலேயே நிறுத்துவது), இளம் நரம்புச் செல்களில் இருக்கும் ஐலெட்-1 புரதத்தில் ஒட்டி அவற்றைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடி போட்டது எல்லாம் சுலபமாக முடிந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முடிச்சு இருக்க வேண்டிய இடத்தில் விரல்விட்டு எண்ணும்படி சில செல்கள். மருந்தே கொடுக்காத கருவிலேயே இந்த லட்சணம்.

ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். புதுக் குப்பி கேட்டு ஸ்டோர்ஸுக்கு நடந்தேன். முதல் நாள், "கொட்டேஷனில் தேதி இல்லை." திருத்திக்கொண்டு போனால், "இது பழைய ஃபாரம்." அப்புறம், கையெழுத்துப் போடுகிறவர் லீவு. குப்பி வந்து சேரப் பதினெட்டு நாள். அதிலும் அதே சில செல்கள்தான்!

இத்தனைக்கும் பழைய படங்களிலேயே தண்டுவடத்தில் ரோஹன்-பியர்ட் என்னும் தொடு உணர்வு நியூரான்கள் வரிசையாகப் பளிச்சென்று தெரிந்தன. அவையும் ஐலெட்-1 உள்ளவைதான். ஆன்டிபாடி கெட்டிருந்தால் அவை எப்படித் தெரியும்? காது ஒன்றையே உற்றுப் பார்த்தவளுக்கு அது உறைக்கவில்லை.

உயிரோடிருந்த கருக்களைப் பார்த்த ஜூனியர் பெண்தான் கேட்டாள்: "அக்கா, இது 30 மணி நேரமா? பக்கக்கோட்டு முன்திசு ஐந்தாவது சோமைட்டிலேயே நிற்குதே!" சோமைட் என்பது கருவின் உடலோரம் வரிசையாக இருக்கும் தசைக் கட்டி; பக்கக்கோட்டு முன்திசு அவற்றின் மேலாகத் தலையிலிருந்து வாலை நோக்கி நகரும் செல் கூட்டம். 30 மணியில் அது பதினைந்தாவதுக்கு வந்திருக்க வேண்டும். ஐந்தாவது என்றால் 24 மணி நேரக் கரு.

மீன் அறையிலிருந்து கண்ணாடித் தெர்மாமீட்டரைக் கடன் வாங்கி, ஒரு பீக்கர் தண்ணீரில் போட்டு இன்குபேட்டருக்குள் வைத்தேன். (வெறும் காற்றில் தொங்கவிடாதீர்கள், கதவைத் திறந்ததுமே அளவு மாறிவிடும்.) வெளியே 28.5 டிகிரி என்று காட்டுகிறது, உள்ளே 25. அந்தக் குளிரில் 30 மணி நேர நிலையை எட்ட 37 மணி நேரம் ஆகும். இப்போதெல்லாம் கடிகாரத்தை நம்பி ஃபிக்ஸ் செய்வதில்லை, சோமைட்டை எண்ணித்தான். ஒரு தட்டில் ஐம்பது முட்டைக்கு மேல் போடுவதுமில்லை, நெரிசலிலும் வளர்ச்சி பின்தங்கும்.

போன வாரம் வேறு இன்குபேட்டரில் வளர்த்து, பழைய குப்பியில் மிச்சமிருந்ததையே போட்டேன். முடிச்சில் செல்கள் அப்பிக்கிடந்தன. எண்ணும்போது இரண்டு தடவை கணக்கு விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.