மாமாவின் நடுக்கத்துக்குப் புள்ளி போட்ட கதை

சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் காலையில் ரத்தம் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் எண் கையில் வந்துவிடும். கை கால் நடுங்கி அசைவு மந்தமாகும் நரம்பு நோயான பார்க்கின்சன் இப்போது எந்த அளவில் இருக்கிறது, மாத்திரை எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்ல அப்படி ஒரு ரத்தப் பரிசோதனை இல்லை. கேள்வி கேட்கிறார்கள், கையைக் காலை அசைக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி போடுகிறார்கள். சேலத்தில் என் மாமனாருக்கு இது நடந்தபோது கூடவே இருந்தவள் நான். இனிமேல் போகப்போகிறவர்களுக்கு உதவும் என்று தோன்றியதை எழுதுகிறேன்.

மாமா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். சாமணத்தால் வெள்ளிக் கண்ணியை எடுத்து வைத்துப் பற்றவைக்கிற வேலை. வலது கை நடுங்க ஆரம்பித்ததும் பட்டறைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். காரணம் கேட்டால், "பார்வை மங்கிப்போச்சு கண்ணு" என்பார். நரம்பியல் டாக்டர்தான் பார்த்துவிட்டு பார்க்கின்சன் என்றார். லெவோடோபா மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச காலம் ஆனதும், முழு மதிப்பீடு ஒன்று செய்துவிடலாம் என்று ஒரு தாள் கட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

அந்த அளவுகோலின் பெயர் எம்டிஎஸ்-யூபிடிஆர்எஸ். 1987இல் வந்த பழைய அளவுகோலைத் திருத்தி 2008இல் வெளியிட்டது. இதில் நான்கு பகுதிகள். முதல் பகுதி தூக்கம், மனநிலை, மலச்சிக்கல் போன்ற அசைவு சாராத தொல்லைகள். இரண்டாவது சாப்பிடுவது, உடுத்துவது, எழுதுவது போன்ற அன்றாடக் காரியங்கள். மூன்றாவது டாக்டரே செய்து பார்ப்பது. நான்காவது மாத்திரையால் வரும் ஏற்ற இறக்கங்கள். 0 என்றால் தொல்லை இல்லை, 4 என்றால் கடுமை. ஆக, புள்ளி குறையக் குறைய நல்லது. மாமாவுக்கு இது தலைகீழாகப் பட்டது. "நாலுக்கு நாலு வாங்கினா பாஸ் இல்லையா?" என்று டாக்டரிடமே கேட்டார்.

முதல் பகுதியில் 7 கேள்விகளும் இரண்டாம் பகுதியின் 13 கேள்விகளும் நோயாளியோ வீட்டாரோ நிரப்பவேண்டியவை. கடந்த ஒரு வாரத்தில் எப்படி இருந்தது என்பதுதான் கேள்வி. போன தீபாவளிக்கு எப்படி நடந்தார் என்பதல்ல. வீட்டில் உட்கார்ந்து நிரப்பினோம். நிஜமான மதிப்பீடு அங்கேதான் நடந்தது என்பேன்.

மாமா எல்லாவற்றுக்கும் 'தொல்லை இல்லை' என்றார். சட்டை போடுவதில் சிரமமா என்றால் இல்லை. அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பித்தான் போட்டுவிடறது நானு. அப்புறம் அவருக்கு ஏன் சிரமம்?" என்றார். அடுத்தவர் செய்து கொடுப்பதெல்லாம் அவர் கணக்கில் சிரமமே இல்லை. அதனால் 'சிரமமா?' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'நேற்று யார் பித்தான் போட்டது? எவ்வளவு நேரம் ஆச்சு?' என்று கேட்க ஆரம்பித்தேன். பதில்கள் மாறின.

சாப்பாட்டுக் கேள்வியில் கத்தி, முள்கரண்டி, குச்சி எல்லாம் உதாரணமாக வரும். நம் வீட்டில் ஏது அதெல்லாம்? ஆனால் கையால் எடுத்துச் சாப்பிடுவதும் அதே கேள்வியில் இருக்கிறது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது எவ்வளவு சிந்துகிறது என்று பார்த்து எழுதினோம். மெல்லுவது, விழுங்குவது பற்றிய கேள்வி வந்தபோதுதான் வேறொன்று வெளியே வந்தது. சாயங்காலமானால் தட்டுவடை செட் இல்லாமல் இருக்கமாட்டாதவர், கொஞ்ச நாளாக 'பசியில்லை' என்று தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். பசி இல்லாமல் இல்லை. தட்டுவடையை மெல்ல முடியவில்லை, தொண்டையில் நிற்கிறது. புரையேறுவது பற்றி டாக்டரிடம் சொல்லவேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றியிருக்காது.

சிறுநீர், மலச்சிக்கல் கேள்விகளை மருமகள் முன்னால் அவர் எப்படிச் சொல்வார்? பேனாவை அத்தையிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். உங்கள் வீட்டிலும் யார் கேட்டால் வாய் திறப்பாரோ அவரிடம் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள். இன்னொன்று: மூட்டு வலியால்தான் எழுந்திருக்க முடியவில்லை, இதை பார்க்கின்சன் கணக்கில் எழுதலாமா என்று குழம்ப வேண்டாம். காரணம் எதுவானாலும் இருப்பதை எழுதுவதுதான் முறை. பிரித்துப் பார்ப்பது டாக்டர் வேலை.

மருத்துவமனையில் மூன்றாம் பகுதி. நுழைந்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார் என்பது. மாத்திரை வேலை செய்யும் நேரத்தை 'ஆன்' என்றும், அதன் பலம் இறங்கின நேரத்தை 'ஆஃப்' என்றும் சொல்கிறார்கள். எந்த நிலையில் பார்த்தது என்று எழுதாமல் புள்ளி மட்டும் எழுதினால் பின்னால் எதனோடு ஒப்பிடுவது?

பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் பத்து தடவை தட்டவேண்டும், முடிந்தவரை அகலமாக, முடிந்தவரை வேகமாக. டாக்டர் செய்து காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். கூடவே செய்தால் நோயாளி அதைப் பார்த்து இழுத்துப்பிடித்துச் செய்துவிடுவாராம். இடது கை நன்றாகத் தட்டியது. வலது கை முதல் சில தடவை அகலமாக விரிந்து, பாதியில் ஒடுங்கி, கடைசியில் விரல்கள் ஒட்டிக்கொண்டே நடுங்கின. நான் 'இன்னும் கொஞ்சம் மாமா' என்று வாயெடுப்பதற்குள் டாக்டர் கை காட்டி நிறுத்தினார். விரிவு கடைசியில் குறைந்தால் 1, பாதியில் குறைந்தால் 2, ஆரம்பத்திலேயே குறைந்தால் 3. மாமாவுக்கு 2. "ஒரு சாமணம் குடுங்க, செஞ்சு காட்டறேன்" என்றார் மாமா. டாக்டர் சிரிக்கவில்லை. "அதையும் ஒரு நாள் பாக்கலாங்க ஐயா" என்றார். எனக்கு அந்த டாக்டரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

உள்ளங்கையை மூடித் திறப்பது, கையைப் புரட்டுவது, பாதத்தைத் தட்டுவது, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுவது, நடந்து திரும்புவது என்று வரிசையாகப் போனது. ஓய்வு நடுக்கத்துக்கு இரண்டு கணக்கு. ஒன்று வீச்சு: 1 சென்டிமீட்டருக்குள் என்றால் 1, 3 வரை என்றால் 2. இன்னொன்று, பரிசோதனை நேரம் முழுக்க எவ்வளவு நேரம் நடுக்கம் இருந்தது என்பது. அதனால்தான் அதைக் கடைசியில் போடுகிறார்கள். மாமா வழக்கம்போல இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டையும் தொடையில் தளர்வாக வைக்கச் சொன்னதும் தெரிந்துவிட்டது.

பின்னாலிருந்து தோளைப் பிடித்து இழுக்கும் சோதனை பார்க்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். முன்கூட்டியே சொல்லி, ஒருமுறை மெதுவாக இழுத்துப் பழக்கிவிட்டு, அப்புறம்தான் சட்டென்று இழுக்கிறார்கள். ஒன்றிரண்டு அடியில் நின்றால் 0. மாமா நாலடி பின்வைத்துத் தானாகவே நின்றார், அதனால் 1. நோய் எந்தப் படியில் இருக்கிறது என்று ஒன்று முதல் ஐந்து வரை பிரிக்கிற, 1967இல் வந்த ஹோன்-யார் நிலைப் பிரிப்பில் இரண்டா மூன்றா என்பதை இந்தச் சோதனைதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. இரண்டு பக்கமும் பாதிப்பு, ஆனால் தானாக நிலைப்படுகிறார் என்பதால் மாமாவுக்கு இரண்டாம் நிலை.

மறுமுறை போனபோது கூட்டம். காத்திருந்து உள்ளே போவதற்குள் மாத்திரை இறங்கிவிட்டது. மூன்றாம் பகுதியின் மொத்தம் 27லிருந்து 39 ஆகிவிட்டது. நோய் முற்றிவிட்டது என்று என் வீட்டுக்காரர் போனிலேயே கலங்கிவிட்டார். டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டினார்: முதலாவது ஆன், இது ஆஃப். இரண்டுக்கும் இடைவெளி இருப்பது மாத்திரை கேட்கிறது என்பதற்கான அடையாளமாம். மதியத்துக்கு முன்பே பலம் இறங்குகிறது என்று தெரிந்ததால் வேளைகளை நெருக்கி வைத்தார். அதற்கு முன் வீட்டில் ஒரு நாட்குறிப்பு போடச் சொன்னார். அரை மணிக்கு ஒரு கட்டம்: தூக்கம், ஆஃப், ஆன், தானாக உடல் நெளியும் ஆன், அந்த நெளிவு தொந்தரவு செய்யும் ஆன். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வண்ணப் பென்சில் வாங்கிக் கொடுத்தோம், பிசகாமல் போட்டார்.

நினைவாற்றலுக்கு மோகா என்று ஒரு சோதனையும் உண்டு, 30 புள்ளி. மாமா படித்தது ஐந்தாம் வகுப்பு. படிப்பு குறைந்தவர்களுக்கென்று 'மோகா பேசிக்' என்ற வடிவம் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். கனசதுரம் வரையத் தெரியாததற்கெல்லாம் மறதி நோய் என்று பயப்படவேண்டியதில்லை.

கடைசியாகக் கொடுத்தது பிடிக்யூ-39. 39 கேள்விகள், கடந்த ஒரு மாத வாழ்க்கை எப்படி இருந்தது என்று. 'ஒருபோதும் இல்லை'யில் தொடங்கி 'எப்போதும்' வரை ஐந்து பதில்கள். பொதுவெளியில் கூச்சமாக இருந்ததா, நோயை மற்றவர்களிடம் மறைக்கவேண்டும் என்று தோன்றியதா என்று அதில் வரும். நான் வாசித்துக்கொண்டே போனேன். மாமா நிமிராமல், "எப்பவும்" என்றார். அடுத்ததற்கும் "எப்பவும்". அம்மாபேட்டைக் கல்யாணத்துக்கு வராமல் இருந்தது, வங்கியில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்ததை யாரிடமும் சொல்லாதது, எல்லாம் அன்றைக்குத்தான் கோவையாகச் சொன்னார். மூன்றாம் பகுதியில் எந்தப் புள்ளியும் இதைப் பிடிக்காது. டாக்டர்களுக்கு நேரம் குறைவாக இருந்தால் முதலில் விடுபடுவது இந்தத் தாள்தான். நீங்களே கேளுங்கள்.

மதிப்பீடு முடிந்ததும் தாள்களை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமாகக் கூட்டின ஒரே எண் போதாது. நான்கு பகுதிகளுக்கும் தனித்தனிப் புள்ளி, ஆனா ஆஃபா, கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு, இந்த மூன்றும் இருந்தால் அடுத்த முறை வேறு டாக்டர் பார்த்தாலும் ஒப்பிட முடியும். ஓரிரு புள்ளி ஏறினதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எங்கள் டாக்டர் சொன்னார். வீட்டுக்காரர் இன்னும் கெடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.