மொட்டைமாடிக் கம்பி: புளியங்குடி, மே 2024

மே 4, சனி

கத்திரி தொடங்கியாச்சு. ஒன்பது மணிக்கு மேல் மொட்டைமாடியில் கால் வைக்க முடியாது என்று ஐந்தரைக்கே ஏறிவிட்டேன். ஹாம் ரேடியோவுக்கு, அதாவது ஆளுக்கு ஆள் அலைவழி பேசிக்கொள்கிற ரேடியோவுக்கு, இருபது மீட்டர் ஆன்டெனா கம்பி. நடுவில் வெட்டி இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் கணக்கு வந்துவிடும். 7.1க்கு 20.14. ஒரு முனை தண்ணீர்த் தொட்டிக் குழாயில், மறுமுனை அண்ணாச்சி வீட்டுத் தென்னையில், நடுவில் முட்டுக்கொடுத்தது மூங்கில். கட்டி முடித்து இறங்குவதற்குள் அம்மா ஈரப் பாவாடையோடு வந்து நிற்கிறாள், காயப்போட.

அண்ணாச்சி கீழே இருந்து கேட்டார்: "தம்பி, இதுல கரண்டு வருமா?"

"வராது அண்ணாச்சி. சத்தம் மட்டும்தான்."

"சரி. தேங்கா பறிக்க ஆளு ஏறுவான், அவன்ட்டயும் ஒரு வார்த்த சொல்லிரு."

லைசென்ஸ் வரவில்லை.

மே 5, ஞாயிறு

காலை 7.10க்கு ரேடியோவில் ஒரு பெரியவர் வந்தார். முதலில் வெறும் வாத்துச் சத்தம். குமிழை மயிரிழை திருப்பியதும் வாத்து மனுஷனாகிவிட்டது. கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. எதிரே பேசுகிறவர் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, இவர் மட்டும் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி. நேற்று சுகர் 160, கிணற்று மோட்டார் காயில் புகைந்துவிட்டது, பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள். கடைசியில் "எழுபத்துமூணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். 73 என்றால் வாழ்த்து. தந்திக்காரர்கள் காலத்திலிருந்து வருகிற வழக்கம்.

இதையெல்லாம் ராத்திரி போனில், ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கும் மனைவியிடம் சொன்னேன்.

"சுகரையும் மோட்டாரையும் கேக்கவா மெட்ராசுக்குப் போயி பரீட்ச எழுதினீங்க?"

மே 6, திங்கள்

பிளஸ் டூ ரிசல்ட். அண்ணாச்சி பேத்தி நல்ல மார்க். தெருவுக்கே லட்டு.

மே 7, செவ்வாய்

லட்டுக் கையோடு அண்ணாச்சி மாடி ஏறி வந்துவிட்டார். "போலீசு வராதுல்லா?" என்று இரண்டு தரம் கேட்டார். இது அரசாங்கமே பரீட்சை வைத்துக் கொடுக்கிற லைசென்ஸ் என்றேன். ரேடியோ பற்றி ஒரு பகுதி, சட்டதிட்டம் பற்றி ஒன்று. ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்கிற முதல் படிக்குத் தந்தி அடிக்கத் தெரிய வேண்டியதில்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளைகூட எழுதலாம். ராஜீவ் காந்தியே வைத்திருந்தார், விக்டர் யூனிஃபார்ம் டூ ரோமியோ கோல்ஃப், அதாவது வியூ2ஆர்ஜி, என்று அழைப்புப் பெயர்.

"அவரு பிரதமரு. நீ எலுமிச்சங்கா கணக்கு எழுதுதவன்."

எனக்கு விக்டர் யூனிஃபார்ம் த்ரீ வரை தெரியும். அதற்கப்புறம் வரும் மூன்று எழுத்துதான் தெரியவில்லை. மண்டியில் சிட்டை எழுதும்போது ஓரத்தில் மூன்று மூன்று எழுத்தாகக் கிறுக்கிக்கொண்டிருந்ததை முதலாளி பார்த்துவிட்டார். லாரி நம்பரா என்றார்.

மே 9, வியாழன்

சாயங்காலம் ஆறரை ஆனால் எங்கிருந்தோ ஒரு இரைச்சல் வந்து மொத்த அலைவரிசையையும் மூடிவிடுகிறது. ஈ மொய்க்கிற மாதிரி. மீட்டர் முள் ஒன்பதைத் தொட்டு நிற்கிறது. பழைய டிரான்சிஸ்டரை எடுத்து, மீடியம் வேவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, காதில் அணைத்தபடி தெருவில் நடந்தேன். எந்த வீட்டுக்கு முன்னால் சத்தம் ஏறுகிறதோ அங்கேதான் கள்ளன்.

பிள்ளையார் கோயில் முக்கில் மூன்று பேர் நிறுத்தி ஸ்கோர் கேட்டார்கள்.

கள்ளன் கிடைக்கவில்லை. எல்லா வீட்டு முன்னாலும் ஏறுகிறது. எல்லா வீட்டிலும் எல்ஈடி பல்பு.

மே 10, வெள்ளி

கரண்டு போகக் காத்திருக்கும் ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான்.

மே 11, சனி

காலை ஏழு மணி. ஒன்றுமே இல்லை. பெரியவர் இல்லை, வாத்து இல்லை, தூரத்துச் சீனாக்காரன் இல்லை. வெறும் சாம்பல் மாதிரி ஒரு சத்தம். கம்பிதான் அறுந்திருக்கும் என்று மேலே ஓடினேன், அறுந்திருக்கவில்லை. நடு இணைப்பில் ஈயம் விட்டிருக்கும் என்று மூங்கிலை இறக்கி, பழைய பற்றைச் சுரண்டி, புதிதாக வைத்து, திரும்ப ஏற்றினேன். கேபிள் முனையைக் கழற்றி மாட்டினேன். பத்தரை ஆகிவிட்டது. உள்ளங்காலில் கொப்புளம். மண்டிக்குப் போகவில்லை.

சாயங்காலம்தான் விஷயம் தெரிகிறது. பழுது சூரியனில். நம் நேரத்துக்குக் காலை 6.53க்கு ஒரு பெரிய வெடிப்பு, எக்ஸ் 5.8 என்கிற உச்ச வகை. அதற்கு முந்தின வெடிப்புகள் கிளப்பிவிட்ட புயல் வேறு ராத்திரியெல்லாம் பூமியைப் போட்டு உலுக்கியிருக்கிறது. லடாக்கில் ஹான்லே மேல் வானமே சிவந்து தெரிந்ததாம், படம் வந்திருக்கிறது. துருவத்துக்குப் பக்கத்தில் தெரிகிற ஒளி இந்தியாவில் தெரிந்திருக்கிறது. நான் இங்கே தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஈயம் உருக்கிக்கொண்டிருந்தேன்.

அவளிடம் சொன்னேன். "சூரியன்ல ரிப்பேருன்னா நீங்க ஏன் கம்பியக் கழத்தினீங்க?"

மே 12, ஞாயிறு

ஹார்டுவேர் கடையில் நைலான் வாஷர் ஒரு டஜன். "எத்தன கொழா ஒழுகுது?" என்று கேட்டார் கடைக்காரர். பிட்எக்ஸ் என்கிற, நாமே கட்டிக்கொள்ளும் ரேடியோ செட்டுக்குக் காயில் சுற்ற என்று சொன்னால் நம்புவாரா? ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான், வியூ2ஈஎஸ்ஈ, வரைந்து கொடுத்த சர்க்யூட் அது. ஃபெரைட் வளையம் எல்லா ஊரிலும் கிடைக்காது என்று குழாய் வாஷரில் சுற்றச் சொல்லிவிட்டார். டிவி ஆன்டெனாவில் வரும் பாலன் கோர், வாஷர், தெருமுனைக் கடை டிரான்சிஸ்டர். இதை வைத்து உலகம் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

உண்மையில் சமையலறைக் குழாயும் ஒழுகத்தான் செய்கிறது. அம்மா வாஷர் பொட்டலத்தைப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டாள். உண்மையைச் சொன்னதும் முகம் போய்விட்டது.

பெரியவர் இன்றும் இல்லை.

மே 13, திங்கள்

சூரியன் அடங்கிவிட்டது, மற்றவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். பெரியவர் மட்டும் வரவில்லை. அவர் எங்கே என்று யாரும் கேட்கவும் இல்லை. கேட்கலாம் என்றால் லைசென்ஸ் இல்லாமல் எனக்கு வாய் இல்லை.

மே 14, செவ்வாய்

கடைசியில் ராத்திரி 7.20க்குக் கரண்டு போனது. மாடிக்குப் பாய்ந்தேன். தெரு முழுக்க இருட்டு. இரைச்சல் இருக்கக் கூடாது. ஆனால் இருக்கிறது! வேறு ராகம், அவ்வளவுதான். டிரான்சிஸ்டரோடு இறங்கினேன். சத்தம் ஏறி ஏறி எங்கள் வீட்டு ஹாலுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போனது. டிவி ஸ்டாண்டுக்குக் கீழே எங்கள் இன்வெர்ட்டர்.

அணைத்தேன். அப்பா! அலைவரிசை கழுவித் துடைத்த தரை மாதிரி. ஒரு குரல் சிங்களத்தில், 4எஸ்7 என்று இலங்கை அழைப்புப் பெயரில் ஆரம்பித்து. இன்னொன்று தெலுங்கு.

"எய்யா, காத்தாடிய ஏன்யா நிப்பாட்டுன?"

பத்து நிமிஷம்மா என்றேன். அம்மா விசிறியை எடுத்துக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தாள். அந்த விசிறிச் சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. நாலு நிமிஷத்தில் இறங்கி வந்து போட்டுவிட்டேன்.

மே 16, வியாழன்

லைசென்ஸ் வரவில்லை. பெரியவர் இல்லை. குழாய் ஒழுகுகிறது.

மே 17, வெள்ளி

பழைய குற்றாலத்தில் மதியம் திடீரென்று வெள்ளம். குளித்துக்கொண்டிருந்த கூட்டம் ஓடுகிற வீடியோ எல்லார் போனிலும். ஒரு பையனை அடித்துக்கொண்டு போய்விட்டது. பதினேழு வயசு.

சாயங்காலம் மலைப்பக்கம் கரும் இருட்டு. மின்னல் என்றால் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். போட்டேன். 7.40க்குக் கரண்டு போனது, கொஞ்ச நேரத்தில் போன் சிக்னலும் போனது. அவளுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. திரும்ப அடித்தேன். அந்த அம்மா குரலை எனக்கு நன்றாகத் தெரியும். டிசம்பர் வெள்ளத்தில் ஞாயிறு ராத்திரி 9.20லிருந்து செவ்வாய் மதியம் வரைக்கும் அந்தக் குரலைத்தான் கேட்டேன். அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று செய்தி ஓடுகிறது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் எண்ணூறு பேரோடு நிற்கிறது என்று காட்டுகிறார்கள். ரயிலையா பார்த்தேன்? ரயிலுக்குப் பின்னால் எந்த வீடு தெரிகிறது, ஓடு தெரிகிறதா, மாடி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு அப்போது நாலாவது மாசம்.

இன்றைக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய?

கேபிளை எடுத்து மாட்டினேன். தப்புதான், எழுதியே வைக்கிறேன். இன்வெர்ட்டரை அணைத்தேன். அம்மா இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்போனில் மின்னல் ஒவ்வொன்றும் சட்டியை உடைத்த மாதிரி விழுகிறது. நடுவில் ஒருத்தர் தூத்துக்குடி என்று சொன்ன மாதிரி இருந்தது. உடைகிறது. திரும்ப வருகிறது. "இங்க லேசா தூத்தல், அவ்ளோதான். காத்துகூட இல்ல." யாரிடமோ சொன்னார். எனக்குத்தான் சொன்னார்.

கேபிளைக் கழற்றி வெளியே போட்டேன். கை நடுங்கியது. 8.35க்கு அவளே கூப்பிட்டாள். இங்க மழையே இல்ல, ஏன் பதினோரு மிஸ்டு கால்?

மே 18, சனி

சென்னை தோத்துட்டு. தெருவில் ஒரு சத்தம் இல்லை.

மே 19, ஞாயிறு

ஸ்ரீவைகுண்டம் போய்வந்தேன். திருநெல்வேலியில் இறங்கி மாறி, நாலு மணி நேரம். கோடு போட்டால் எண்பது கிலோமீட்டர்தான்.

மாமா முன்னறைக்கு இரண்டாவது தரம் வெள்ளை அடித்திருக்கிறார். இருந்தும் அந்தக் கோடு மேலே வந்துவிட்டது. காலண்டர் ஆணிக்கு ஒரு சாண் கீழே, அறையைச் சுற்றி ஒரே மட்டத்தில், டீத்தூள் நிறத்தில். ஆசாரி மட்டப்பலகை வைத்துக்கூட இவ்வளவு நேராகப் போட முடியாது. அவள் அதில் சாய்ந்து நின்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். கோடு அவள் நெஞ்சு உயரம்.

"லைசென்ஸ் வந்துருச்சுன்னா நீங்க அங்க இருந்து பேசலாம். சரி. நான் இங்க எதுல கேக்க?"

யோசிக்காமல் இல்லை. கையில் வைத்துக்கொள்கிற செட் ஐந்து வாட், கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான் போகும். தாழக் கட்டிய கம்பியில் 7 மெகாஹெர்ட்ஸ் என்றால் நேரே மேலே போய், முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் பட்டு, மழை மாதிரி சுற்றிலும் இறங்கும். நடுவில் டவர் வேண்டாம், ஒயர் வேண்டாம். கார் பேட்டரி போதும். இதையெல்லாம் சுவரில் விரலால் வரைந்து காட்டினேன்.

"அது எறங்கட்டும். நான் திருப்பிப் பேசணும்னா எனக்கும் லைசென்ஸ் வேணுமா இல்லியா?"

வேணும்.

"அப்ப அந்தப் புஸ்தகத்த இங்க வச்சிட்டுப் போங்க. சும்மாதானே படுத்துக் கெடக்கேன்."

வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது, எனக்குப் புரியாத இடத்திலெல்லாம் பென்சிலில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். பக்கத்துக்கு நாலு.

மே 21, செவ்வாய்

டீக்கடையில் தந்தி சாரைப் பார்த்தேன். 2013 ஜூலையில் தந்தி முடிந்த அன்று ஊரில் எல்லாரும் அவருக்குச் சால்வை போட்டார்கள். அவர் அதற்கு முன்னாலேயே ரிட்டயர்டு. போனில் மோர்ஸ் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார், தலையை ஆட்டினார். "ஒண்ணும் புரியல தம்பி. இது குயில் மாதிரி கூவுது. நம்மது கட்டு கட, கட்டு கட. ரெண்டு தட்டுக்கு நடுவுல இருக்க எடைவெளியத்தான் படிப்போம்." டீ டம்ளரில் ஸ்பூனால் தட்டிக் காட்டினார். எனக்கு அது புரியவில்லை. என்ன தட்டினீர்கள் என்றேன். "மகன் பிறந்தான், தாய் சேய் நலம். இதத்தான்யா ஜாஸ்தி அடிச்சிருக்கேன்."

மே 22, புதன்

விசாகம். திருச்செந்தூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். அவள் போனில் கேட்கிறாள்: "எஸ்டபிள்யூஆர்னா என்ன? ஒண்ணுக்கு ஒண்ணுன்னா நல்லதா கெட்டதா?" நல்லது என்றேன். அனுப்புவதெல்லாம் போய்ச் சேர்கிறது, திரும்பி வரவில்லை என்று அர்த்தம். "அப்ப கெட்டதுல்லா?" என்கிறாள்.

மே 23, வியாழன்

காலையில் ஒருத்தர் பெரியவர் குரல் மாதிரியே. சுகரைப் பற்றிப் பேசவில்லை. அவர் இல்லை.

மே 24, வெள்ளி

ராத்திரி பத்து மணி. காயில் சுற்றுகிறேன். கம்பி தலைமுடிக்குக் கொஞ்சம்தான் தடிமன், வாஷர் துளை வழியாக ஒவ்வொரு தரமும் முழு நீளத்தையும் இழுக்க வேண்டும், முறுக்கிக்கொண்டால் எனாமல் உரியும். வாய்விட்டு எண்ணினால்தான் கணக்கு நிற்கிறது. பதினேழு.

மே 25, சனி

பாளையங்கோட்டை. ஆஸ்பத்திரி வராண்டா, விடிகாலை 4.30. பதினேழில் டேப் ஒட்டி வைத்துவிட்டு வந்தேன். தேதி இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள். மாமா பெஞ்சில் தூங்குகிறார். டிரான்சிஸ்டரைப் பையில் எதற்குப் போட்டேன் என்று தெரியவில்லை. இங்கே எங்கே திருப்பினாலும் இரைச்சல்.

6.15. அம்மா போன். "என்னய்யா ஆச்சு?"

இன்னும் ஒண்ணும் சொல்லல.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ராத்திரி ஒறக்கம் வரல பாத்துக்கோ. கொழா வேற சொட்டிக்கிட்டே இருந்துச்சு. மேச மேல ஒரு வாஷர் கெடந்துச்சா, கம்பியச் சுத்தி வச்சிருந்த. அதப் பிரிச்சு எடுத்துப் போட்டுட்டேன். இப்ப நின்னுட்டு."