பேஸ்மட்டத்தோடு நின்ற வீடு, மறந்துபோன கணக்கில் கிடந்த பணம்

பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில் எங்கள் மகளிர் குழுவில் ஒரு அக்கா பெயரில் பணி ஆணை வந்தது. பட்டா, வேலை அட்டை எல்லாம் சரி. பேஸ்மட்டம் போட்டதும் ஓவர்சீயர் போட்டோ எடுத்துப்போனார். தவணைதான் வரவில்லை. ஒன்றிய அலுவலகத்தில் "பணம் போயிடுச்சு, பேங்க்ல கேளுங்க" என்றார்கள். பேங்கில் "எங்களுக்கு வரல, ஆபீஸ்ல கேளுங்க" என்றார்கள். ஆறு வாரம் இதே நடை. போன நாளெல்லாம் கூலி போனதுதான் மிச்சம்.

பணம் கிடந்த இடம், காஸ் மானியத்துக்காக என்றோ தொடங்கிய வேறொரு கணக்கு. எந்த பாஸ்புக் நகலைக் கொடுத்திருந்தாலும், ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்கே போகும். ஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டால் எந்த வங்கி என்று காட்டும். ஆனால் அந்த ஓடிபி கணவர் போனுக்குப் போனது! வீடு யார் பெயரிலோ, அவர் நம்பரே ஆதாரில் இருக்கவேண்டும். கடைக்கால் தோண்டும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. 269 சதுர அடி இருந்தால் போதும். "இன்னொரு ரூம் இழுத்துக்கலாம்மா" என்று கொத்தனார் சொல்வார். இழுத்த வீடுகள் பணம் பத்தாமல் லிண்டலில் (கதவு, ஜன்னலுக்கு மேல் போடும் கான்கிரீட் மட்டம்) நிற்கின்றன. கயிறு கட்டும் நாளில் டேப்பின் ஒரு முனையை நீங்களே பிடியுங்கள்.

கூரை கான்கிரீட்டுக்கு 1:1½:3 கலவை (சிமென்ட், மணல், ஜல்லி). 300 சதுர அடி, 4 அங்குலம் என்றால் சுமார் 23 மூட்டை சிமென்ட். காலிச் சாக்குகளை எண்ணி வையுங்கள், அதுதான் கணக்கு. தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டர். பெரிய பிளாஸ்டிக் குடத்தில் இரண்டுகூட ஆகாது. கலவை இளகலாக இருந்தால் இழுக்க எளிது என்று இன்னும் ஊற்றச் சொல்வார்கள். குடம் நம் இடுப்பில்தானே இருக்கிறது, ஊற்றாதீர்கள். அந்த உபரித் தண்ணீர்தான் காய்ந்து துளையாகி மழையில் ஒழுகும். மறுநாளே பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் தேக்குங்கள்.

சொந்த வீட்டுக்கு உழைத்ததற்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் 90 நாள் கூலியும் உண்டு. மண் சுமந்தது அக்கா, மஸ்டர் ரோலில் (வேலை வருகைப் பதிவில்) வேறு பெயர். இரண்டாம் முறை போய்க் கேட்ட பிறகே மாற்றினார்கள். அந்தக் கூலியும் ஆதார் இணைத்த அதே கணக்குக்குத்தான் வந்தது.