சாணி கரைத்து ஊற்றுகிற மோட்டார்

கோவையில் பம்ப் செய்கிற கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். பெயர் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஃபேக்டரி பார்க்கக் கூட்டி வருவார்கள்.

முதல் தடவை பொறுப்பு என் தலையில் விழுந்தபோது நடந்தது இதுதான்: ஏசி ஹாலில் ஒரு மணி நேரம் ஸ்லைடு, பெரியவர் ஒருவரின் "கனவு காணுங்கள்" பேச்சு, தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள் வரிசையாக ஒரு சுற்று. எதையும் தொடக்கூடாது. பிஸ்கட், ஜூஸ், பேனர் முன்னால் போட்டோ. பஸ் ஏறப்போன பையனிடம் எது பிடித்தது என்று கேட்டேன். "ஏசிங் மிஸ்" என்றான்.

அடுத்த வருஷம் அடம்பிடித்தேன். ஓடுகிற மெஷின் பக்கம் விடமாட்டோம் என்றார்கள், நியாயம்தான். சரி, ஸ்கிராப்புக்குப் போகவிருந்த ஐந்து மோனோபிளாக் பம்புகளை (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது) பயிற்சிக் கூடத்துக்குக் கொண்டுவந்து, ஸ்பானரைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டேன். அன்னூர்ப் பக்கத்து ஒன்பதாம் வகுப்பு. கேசிங் என்கிற வெளிக்கூட்டைக் கழற்றி, உள்ளே சுற்றுகிற சக்கரமான இம்பெல்லரை வெளியே எடுத்ததும் ஒரு பெண் கேட்டாள்:

"ஏனுங் மிஸ், எங்க தாத்தா மோட்டார் போடறதுக்கு முன்னாடி சாணியக் கரைச்சு ஊத்துவாரு. அது எதுக்குங்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கோ அன்றைய நாளே அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. இம்பெல்லர் சுற்றித் தண்ணீரை வெளிப்பக்கம் வீசுகிறது, நடுவில் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் கிணற்றுத் தண்ணீரைக் குழாயில் மேலே தள்ளுகிறது. உள்ளே காற்று இருந்தால் எவ்வளவு சுற்றினாலும் வீண். தண்ணீரைவிடக் காற்று ஏறக்குறைய 800 மடங்கு லேசு, அதை வீசி என்ன ஆகப்போகிறது? அதனால்தான் முதலில் தண்ணீர் ஊற்றுவது. குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கிற ஃபுட் வால்வு கசிந்தால் ஊற்றிய தண்ணீர் இறங்கிவிடும். சாணியில் இருக்கும் நார் அந்த இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும். தாத்தா செய்தது முழு இன்ஜினியரிங்.

அப்புறம் நான் கேட்டேன்: பழைய கிணறுகளில் மோட்டாரை ஏன் உள்ளே இறக்கி வைத்தார்கள்? "மேல வெச்சா இழுக்காதுங். இருவது, இருவத்தஞ்சு அடிதான்," என்றான் பின்னால் நின்ற ஒருவன். வெளிக்காற்று தண்ணீரை மேலே தள்ளுவதற்குக் கடல் மட்டத்தில் கணக்குப்படி உச்சவரம்பு 10.3 மீட்டர், சுமார் 34 அடி. குழாய் உரசல் அது இது எல்லாம் கழித்தால் நடைமுறையில் அவன் சொன்னதுதான் நிற்கும். பாடப் புத்தகத்தில் வளிமண்டல அழுத்தம் அவனுக்கு வெறும் இரண்டு மார்க் கேள்வியாக இருந்திருக்கும்.

நுண்ணிய தடிமனை அளக்கிற மைக்ரோமீட்டரில் தலைமுடியை அளக்கவும் விட்டேன். 0.07 மில்லிமீட்டர், 0.09 என்று யார் முடி தடிமன் என்பதில் பெரிய போட்டி.

பேச்சுக்குப் பெரியவர்களைக் கூப்பிடவில்லை. ஐடிஐ முடித்த, மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் செக்‌ஷன் அக்காவும், அரசுப் பள்ளி, பாலிடெக்னிக் வழியாக வந்த நானும் உட்கார்ந்தோம். கேட்டதெல்லாம் ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் உண்டா, நைட் ஷிஃப்டுக்கு வீட்டில் விடுவார்களா, சம்பளம் எவ்வளவு. அக்கா தன் சம்பளத்தை ரூபாய் சுத்தமாகச் சொல்லிவிட்டார். ஹெச்ஆருக்கு முகம் சுண்டிப்போனது. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் 1937-ல் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்த ஊர் இது என்று நானும் ஒரு வரி சொல்லிப் பார்த்தேன். சம்பளத்துக்கு நிமிர்ந்த அளவுக்கு அதற்கு யாரும் நிமிரவில்லை.

அதே பிள்ளைகளை இன்னொரு முறை கூட்டி வரலாம் என்று கேட்டிருக்கிறேன். புதுப் பள்ளி வந்தால்தான் ரிப்போர்ட்டில் எண்ணிக்கை ஏறுமாம். எனக்கோ அந்த ஐந்து பம்புகளும் முடியாமல் கிடக்கின்றன. பிள்ளைகள் திரும்பப் பூட்டியபோது ஒரு வாஷர் மிஞ்சிவிட்டது. என் மேஜை டிராயரில் இருக்கிறது. எதில் விட்டுப்போனது என்பதை அவர்களே வந்து கண்டுபிடிக்கட்டும்.