சருகுக்கு வந்த காலம்

மடிப்பாக்கத்தில் ஓர் உள் தெருவில் எங்கள் குடியிருப்பு. மொத்தம் 18 வீடுகள். பதினெட்டு வீட்டுக்காரர்களும் ஒரே பேச்சாக நின்றது இதுவரை இரண்டே தடவைதான். 2015 டிசம்பரில் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்தபோது ஒரு தடவை. 2019 கோடையில் குழாயில்கூட வராதபோது இன்னொரு தடவை. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த வருஷம். மற்ற நாட்களில் மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதிலேயே எங்களுக்குள் மூன்று கட்சி.

மூன்றாவது ஒற்றுமை குப்பையால் வந்தது.

எங்கள் சங்கச் செயலாளர் ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரி. எதையும் விதி எண்ணோடுதான் பேசுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் 2016ஆம் வருஷத்துத் திடக்கழிவு மேலாண்மை விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, மக்கும் குப்பை தனி, மக்காத குப்பை தனி, பல்பு, பேட்டரி மாதிரி ஆபத்தானவை தனி என்று பிரிக்க வேண்டியது வீட்டுக்காரர்களின் பொறுப்பு என்று வாசித்தார். யாரும் எதிர்க்கவில்லை, கவனிக்கவும் இல்லை. எஃப்-3 அக்காதான், "பிரிச்சதை நாமே உரமாக்கிட்டா என்ன? தொட்டிச் செடிக்கு உரம் வாங்குற காசு மிச்சமாகுமே" என்றார். மிச்சம் என்ற சொல் காதில் விழுந்ததும் பதினெட்டு கைகளும் உயர்ந்தன.

பின்பக்கம், ஜெனரேட்டருக்கும் மதிலுக்கும் நடுவே கம்பி வலை அடித்து மூன்று கூண்டுகள் தயாராயின. ஐப்பசி மாதம். பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே உரம் போடும் ஒரு அம்மா வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு. ஈரத்துக்கும் உலர்வுக்கும் கணக்குச் சரியாக இருந்தால் நாற்றமே வராது. கூண்டு நிறைந்ததும் இரண்டு, இரண்டரை மாதத்தில் உரம். செயலாளர் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். சருகைத் தவிர. "குப்பையைத்தானே உரமாக்குறோம், அதுக்கு எதுக்கு இன்னொரு குப்பை?" என்பது அவருடைய வாதம்.

பதினெட்டு வீட்டுக் கழிவு தினமும் பத்து கிலோவாவது வரும். இரண்டாவது வாரத்தில் கூண்டு பேசத் தொடங்கியது. முதலில் ஜெனரேட்டர் வரைக்கும், அப்புறம் லிஃப்ட் வரைக்கும், அப்புறம் இரண்டாம் மாடி வரைக்கும். காற்றுப் போக வழியில்லாமல் எல்லாம் சேறாகிவிட்டிருந்தது. புளித்த மோர் ஊற்றினால் சரியாகிவிடும் என்று யாரோ குழுவில் போட்டார்கள். நல்ல விஷயம்தான், ஒரு டம்ளர் ஊற்றினால். அன்று மாலைக்குள் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவராகப் பதினோரு வீட்டார் ஊற்றியிருந்தார்கள். மறுநாள் காலை அந்தப் பக்கம் போனால், அண்டா நிறைய மோர்க்குழம்பு வைத்து மூன்று நாள் மறந்துவிட்ட மாதிரி இருந்தது.

புழுவும் வந்தது. அரிசி மணி போல இல்லை. சுண்டுவிரல் நகம் நீளத்துக்கு, பழுப்பாக, வரி வரியாக. எஃப்-3 அக்கா வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டார். அது குளவி மாதிரி இருக்கும் ஒரு கறுப்பு ஈயின் புழு, கழிவைத் தின்றே வளரும், அந்த ஈ நம் சாப்பாட்டில் வந்து உட்காராது என்று அந்த அம்மாவே வந்து சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. சொல்லிவிட்டுக் கூண்டை எட்டிப் பார்த்தவர் ஒரே கேள்வி கேட்டார்: "சருகு எங்கே?"

சருகு எங்கே. இந்தக் கேள்விக்கு ஒரு பூர்வகதை உண்டு.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. அதில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். தெருவே அவரைத் தமிழய்யா என்றுதான் கூப்பிடும். அவர் வீட்டு வாதாம் மரத்தின் பாதி எங்கள் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. வாதாம் இலையைப் பார்த்திருப்பீர்கள், கைக்குழந்தைக்குச் சோறு பரிமாறலாம், அவ்வளவு அகலம். சிவந்து பழுத்து விழத் தொடங்கினால் செயலாளரின் வெள்ளைக் கார் பச்சைக் காராகி, சிவப்புக் காராகிவிடும். மூன்று வருஷம் முன்னால் சங்கத்தின் லெட்டர்பேடில் தமிழய்யாவுக்கு ஒரு கடிதம் போனது. "தங்கள் மரத்தின் சறுகுகள் எங்கள் வளாகத்தில் விழுவதை தடுத்து நிறுத்துமாறும், இல்லையேல் மரத்தை வெட்டி தருமாறும்..."

இரண்டு நாளில் கடிதம் திரும்பி வந்தது. சிவப்பு மையில் திருத்தப்பட்டு. 'சறுகு' அடிக்கப்பட்டு 'சருகு'. 'விழுவதை'க்குப் பக்கத்தில் ஒரு 'த்'. 'வெட்டி'க்குப் பக்கத்தில் இன்னொரு 'த்'. அடியில் பத்துக்கு மூன்று. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. விழுந்த சருகையெல்லாம் நாங்கள் மூட்டை கட்டி மாநகராட்சி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

இப்போது அடை மழைக்காலம். எங்கள் பக்கம் விழுந்தவை நனைந்து ஒட்டிக் கிடந்தன. தெருவிலேயே காய்ந்த சருகு இருந்தது ஓரிடத்தில்தான். தமிழய்யா தென்னைக்கும் வாழைக்கும் மூடாக்குப் போட என்று கோடையிலேயே கூட்டி, சிமென்ட் சாக்குகளில் கட்டி, மாட்டுக்கொட்டகையாக இருந்த இடத்தில் அடுக்கி வைத்திருந்தார். எங்கள் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து எண்ணிப் பார்த்தேன். இருபத்தாறு மூட்டை. அதில் பாதியாவது எங்கள் கார்மேல் விழுந்திருக்க வேண்டியது.

தூது போக என்னையும் எஃப்-3 அக்காவையும் அனுப்பினார்கள். தமிழய்யா திண்ணையில் உட்கார வைத்து, காபி கொடுத்து, உள்ளே போய் ஒரு தாளை எடுத்துவந்தார். அந்தப் பழைய கடிதத்தின் நகல். லேமினேட் செய்திருந்தார்.

"சருகு தர்றேன்மா. எனக்கென்ன, மண்ணுக்குத்தானே போகுது. ஆனா கேட்டது வாய்வார்த்தையா இருக்கக் கூடாது. நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்த மாதிரி, கேட்டும் ஒரு கடிதம் வரட்டும்."

பிழை இல்லாமல் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்றிரவு குடியிருப்பு வாட்ஸ்ஆப் குழுவில் நடந்ததை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். பராமரிப்புக் கட்டணம் ஏறியபோதுகூட இத்தனை செய்தி வந்ததில்லை. செயலாளர் வரைவைப் போட்டார். 'தந்து உதவுமாறு' பிரித்து எழுதுவதா, சேர்த்து எழுதுவதா என்று ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது. மென்பொருள் வேலை பார்க்கும் ஜி-1 தம்பி ஏதோ செயலியில் போட்டுப் பார்த்துவிட்டுப் பிழையே இல்லை என்றான். அந்தச் செயலிக்குச் 'சறுகு'ம் சரியாகத்தான் இருந்தது. பத்தரை மணிக்கு எஸ்-4இலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண் அவள் அம்மா போனில் வந்து நான்கு இடத்தில் ஒற்றுப் போட்டாள். பதினொன்றரைக்கு இறுதி வடிவம். செயலாளர் அதைத் தன் கையாலேயே எழுதி, தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

மறுநாள் மதில்மேல் எட்டு மூட்டை வரிசையாக நின்றது. முதல் மூட்டையின் கயிற்றில் கடிதம். பத்துக்கு ஒன்பது. 'காய்ந்த சருகு' என்ற இடத்தில் வட்டம் போட்டு, பக்கத்தில்: "காயாத சருகு உண்டா?"

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. வாதாம் இலை தடிமன், அப்படியே போட்டால் லேசில் மக்காது. நொறுக்கிப் போட வேண்டும். சாக்கை வாய் கட்டிக் கீழே போட்டு, பிள்ளைகளை ஏறிக் குதிக்கவிட்டோம். பத்து நாளில் நாற்றம் போய்விட்டது. ஒரு நாள் விடியற்காலை செயலாளர் என்னைக் கூப்பிட்டுக் கூண்டின் நடுவைக் குச்சியால் கிளறிக் காட்டினார். இட்லிப் பானையைத் திறந்த மாதிரி குப்பென்று ஆவி. உள்ளே கையை வைத்தவர் சுட்டுக்கொண்டு உதறினார். மறுநாள் தெர்மாமீட்டர் வாங்கி வந்தார், 58 டிகிரி. இதற்கும் ஒரு பதிவேடு போட்டாயிற்று.

முதல் கூண்டைச் சலித்தபோது உரத்தோடு ஏழு ஸ்பூன், ஒரு காய் சீவி, ஒரு தோட்டுத் திருகு கிடைத்தன. ஸ்பூன்களுக்குச் சொந்தக்காரர் இன்றுவரை வரவில்லை. திருகுக்கு நான்கு பேர் வந்தார்கள். உரம் காபித்தூள் நிறத்தில், முதல் மழைக்கு மண் மணக்குமே, அந்த வாசனையில் இருந்தது. பேசிய கணக்குப்படி மூட்டைக்கு ஒரு கிலோ, எட்டு கிலோ தமிழய்யாவுக்குப் போனது. அவர் அதை வேறெந்தச் செடிக்கும் போடவில்லை. வாதாம் மரத்தடியிலேயே போட்டார்.

தை பிறந்ததும் இலை கொட்ட ஆரம்பித்தது. செயலாளர் இப்போதெல்லாம் காரை மரத்தடியில்தான் நிறுத்துகிறார். இல்லாவிட்டால் சருகு தெருப்பக்கம் போய்விடுகிறதாம். காலையில் காவலாளி துடைக்க வந்தால், "மெதுவா, நொறுங்கிடப் போகுது" என்கிறார்.

போன வாரம் தமிழய்யா வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முழு வெள்ளைத்தாள், மார்ஜின் விட்டு எழுதியது. "தங்கள் வளாகத்து எருக் கூண்டில் தானே முளைத்த பூசணிக்கொடி, மதிலைத் தாண்டி என் ஓட்டின்மேல் படர்ந்து இரண்டு பிஞ்சு விட்டிருக்கிறது. கொடி தங்களுடையது, கூரை என்னுடையது. ஆவன செய்க."

செயலாளர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தார். பிறகு எஸ்-4 பெண்ணைக் கூப்பிட்டனுப்பினார். அவளுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.